பஸ்ஸுக்கு அப்புறம் வீடு

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்,
கே.ஜி.எஃப்.
18.6.2000

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது தூக்கக் கலக்கம். நேத்ரா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இவருக்கு நைட் ஷிப்ட். பகலில் பேனாவை எடுத்தால் அவள் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். அத்தானுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மாமனாருக்கு மட்டும் வழக்கமான இருமல்.

ஊரிகத்தில் சர்ச்சை ஒட்டிய அறையில் டெய்சி டீச்சர் நடத்துகிற வகுப்பில்தான் நேத்ராவை விட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவளைப் போன்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற இடம் எனக்குத் தெரிந்து இங்கே அது ஒன்றுதான். போன வாரம் பக்கத்தில் இருந்த பையனின் தோளைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்துவிட்டது. பையனின் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேத்ராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

டெய்சி டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னாங்க பண்றது, எனக்கு இருக்கறது ரெண்டு கைதான். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கலாம். கடிக்கறது நிக்கலைன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

வேறு இடத்தை மாமனார் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார். பெங்களூரைத் தாண்டி ஒரு ஹோம். அங்கேயே தங்கவேண்டும். "மூணு வேளை சோறு, பாத்துக்க ஆளு. நீ ஒருத்தியா இன்னாம்மா பண்ணுவே?" என்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் எதுவும் பேசுவதில்லை. சாப்பிட்ட தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்கிறார். ஆறு வயசுப் பெண், தண்ணீர் வேண்டும் என்றுகூடச் சொல்லத் தெரியாதவள். அவளை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

நீ போன தடவை வந்தபோது, உங்கள் ஸ்பெஷல் ஸ்கூலில் படம் காட்டிப் பிள்ளைகளைப் பழக்குவதாகச் சொன்னாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. இப்போது விவரமாக எழுது. நானும் பி.எஸ்ஸி. படித்தவள்தானே, சொன்னால் புரிந்துகொள்வேன். பக்கத்து வீட்டு ஐடா அக்காவிடம் போன் இருக்கிறது, ஆனால் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் நின்று இதையெல்லாம் பேச முடியவில்லை. கடிதமாகவே போடு.

உன் தங்கை,
ஷைலஜா


பெரம்பூர், சென்னை
29.6.2000

அன்புள்ள ஷைலு,

கோணல்மாணல் எழுத்து உனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே உண்டு. தூக்கத்தின் மேல் பழி போடாதே. அத்தான் முட்டிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே வைத்தியசாலை மாதிரி நாறுகிறது. மற்றபடி சுகம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நேத்ரா பொல்லாத குழந்தை இல்லை. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத குழந்தை. உன் கண்ணைக் கட்டி மவுண்ட் ரோட்டில் விட்டு, ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தால் நீயும் கடிப்பாய். நாம் பேசுவது அவளுக்குக் காற்று மாதிரி வந்து போய்விடுகிறது. படம் அங்கேயே நிற்கும். திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்துடன் கொஞ்சம் அட்டைகள் அனுப்பியிருக்கிறேன். நீளமான பட்டை ஒன்றும் இருக்கிறது. அன்றைக்கு நடக்கப்போவதை அதில் வரிசையாக ஒட்டு. ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவளே பிய்த்துக் கீழே தொங்குகிற பையில் போடவேண்டும். நீ போடக்கூடாது. அந்தப் பைதான் அவளுக்கு "முடிந்தது". ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் உடனே ஒரு நட்சத்திரம் ஒட்டு. சாயங்காலம் வரை வைத்திருந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தாய் என்று அவளுக்குத் தெரியாது. கடித்தால் நட்சத்திரத்தைப் பிடுங்காதே. சம்பாதித்தது சம்பாதித்ததுதான்.

இன்னொன்று. நடக்காத விஷயத்தை ஒருநாளும் பட்டையில் ஒட்டாதே. கடைசி நேரத்தில் ஏதாவது மாறிவிட்டால் அவள் கண் முன்னால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, நான் சிவப்பில் வரைந்திருக்கிற "மாற்றம்" அட்டையை வை. அழுவாள், அழட்டும். எங்கள் ஸ்கூலில் ஒரு ஆயா, ஒரு பையனை ஊசி போட அழைத்துப்போக ஊஞ்சல் படத்தைக் காட்டிவிட்டாள். அந்தப் பையனை மறுபடி படம் பார்க்க வைக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை அனில் என்ன சொல்கிறார் என்று எழுது.

விமலா


கே.ஜி.எஃப்.
6.8.2000

அன்புள்ள அக்கா,

அட்டைகள் கசங்காமல் வந்து சேர்ந்தன. அத்தானும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது, துணி காய்வதில்லை. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் வாரம் உன் அட்டைகளைக் கிழித்துப் போடலாம் என்றுகூட நினைத்தேன். பஸ் படத்தைப் பார்த்துவிட்டு என்னோடு ஸ்டாப் வரை சமர்த்தாக வந்தாள். பஸ் வந்ததும் தரையில் விழுந்து புரண்டாள். எனக்குப் புரியவே இல்லை. மறுநாளும் அப்படியே. அப்புறம்தான் தெரிந்தது, நீ வரைந்தது உங்கள் மெட்ராஸ் பச்சை பஸ். எங்கள் பஸ் சிவப்பு. படத்தில் ஒன்று, எதிரில் வந்து நிற்பது இன்னொன்று. யார் ஏறுவார்கள்? அன்று சாயங்காலமே சிவப்பு பெயிண்ட் அடித்தேன். அடுத்த நாள் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

வரைந்த படமே வேண்டாம் என்று ராபர்ட்சன்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பாபுவைக் கூட்டிவந்தேன். எங்கள் வாளி, எங்கள் தட்டு, பாத்ரூம் கதவு என்று வரிசையாகச் சொன்னதும் அவர் காமிராவை இறக்கிவிட்டார். "கக்கூஸை எல்லாம் போட்டோ எடுக்கச் சொல்றீங்களே, கல்யாண ஆல்பத்துல சேக்கணுமா?" என்றார். நேத்ரா விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அவரே பொறுமையாக எடுத்தார். "வீட்டுக்கு ஒண்ணு எடுக்கணும்னா நீங்க வாசல்ல நில்லுங்க. ஆளில்லாத வீட்டை யாரு வீடுன்னு நெனப்பாங்க?" என்று என்னைக் கதவருகே நிற்கவைத்து எடுத்தார். அதுதான் இப்போது எங்கள் பட்டையில் கடைசிப் படம். எதற்கு அப்புறமும் வீடு.

டெய்சி டீச்சர் முதலில், "இன்னாங்க இது, பயாஸ்கோப்பா?" என்றார். இப்போது வகுப்புச் சுவரில் அவரே ஒரு பட்டை மாட்டியிருக்கிறார். ஜெபம், மணி கோர்ப்பது, டிபன், வெளியே ஓடுவது, வீடு. நேத்ரா போய் அதன் எதிரில் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாளாம். வாத்தியார் பாடம் எடுக்கிற மாதிரி இருக்கிறது என்று டீச்சர் சிரித்தார்.

வியாழக்கிழமை நடந்ததைக் கேள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மடியில் ஏதோ விழுந்தது. தண்ணீர் டம்ளர் படம். நிமிர்ந்து பார்த்தால் நேத்ரா நிற்கிறாள். அக்கா, அவள் என்னிடம் கேட்டாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் ஒன்றைக் கேட்டாள். டம்ளரில் மொண்டு கொடுத்தேன். அவசரத்தில் பாதி அவள் சட்டையில் போயிற்று.

மாமனார், "பொம்மைக் கடை வெச்சிருக்கியா ஊட்டுக்குள்ள?" என்று கேட்டார். கேட்கட்டும்.

உன் ஷைலு


பெரம்பூர்
20.8.2000

அன்புள்ள ஷைலு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் சத்தமாகப் படித்தேன். பச்சை பஸ் கதையைக் கேட்டு எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், அடுத்த ட்ரெயினிங்கில் இதைச் சொல்லவேண்டும் என்றார். தண்ணீர் கேட்ட இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை, இன்னொரு டீச்சர் வாங்கி மிச்சத்தைப் படித்தாள்.

எல்லாம் எழுதினாய். அனிலைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் உடம்பைப் பற்றி அரை வரிதான். ஏன்?

நான் இங்கே சுகம். பதில் போடு.

விமலா


கே.ஜி.எஃப்.
8.10.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நவராத்திரி வேலையில் பதில் தள்ளிப்போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. உனக்கும் அத்தானுக்கும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கவேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்கு ஐந்தாம் மாதம். முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைத்தான் நானும் தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன், பதில் கிடைத்ததும் எழுதலாம் என்று இருந்தேன். இவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறார். மாமனார் ஒருநாள் என் கையில் மாதுளம்பழத்தைக் கொடுத்து, "இதாவது நல்லபடியா பொறக்கட்டும்" என்றார். நேத்ரா பக்கத்தில் உட்கார்ந்து பழத்தின் தோலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கடிப்பதை விட்டுவிட்டாள். கோபம் வந்தால் "போதும்" அட்டையை எடுத்துத் தரையில் ஓங்கி அறைகிறாள். அட்டை மூன்று தடவை கிழிந்து ஒட்டியாகிவிட்டது. டெய்சி டீச்சர் அவளுக்கு நட்சத்திரம் ஒட்டுகிற அட்டையைப் பிள்ளைகளிடம் காட்டி, "பாருங்க, நேத்ரா மேடம் பாஸாயிட்டாங்க" என்றாராம். கிறிஸ்துமஸுக்கு அப்புறமும் வைத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

ஆனால் டீச்சரின் வீட்டுக்காரர் சகாயத்துக்குத் தங்க மைன்ஸில் வேலை. மைன்ஸை மூடப்போகிறார்கள் என்று இங்கே வருஷக்கணக்காகப் பேச்சு. இந்தத் தடவை நிஜமாகவே இருக்கும் போலிருக்கிறது. சகாயம் ஓசூரில் வேலை தேடுகிறாராம். நான் அதைக் கேட்காத மாதிரி இருக்கிறேன்.

சீமந்தம் என்று தடபுடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இரண்டாவதுதானே. நீ அலையவேண்டாம்.

ஷைலு


பெரம்பூர்
17.10.2000

அன்புள்ள ஷைலு,

நான் என்ன கேட்பேன் என்று நினைத்தாயோ தெரியவில்லை. நான் கேட்க நினைத்தது ஒன்றுதான், மாங்காய் வேண்டுமா, புளி வேண்டுமா. சந்தோஷமாக இரு.

இப்போதே குழந்தைப் படம் ஒன்றைத் தயார் செய். உன் வயிற்றை அவள் தொட்டுப் பார்க்கட்டும். படத்தைக் காட்டு. பிறந்த பிறகு திடீரென்று தொட்டிலைக் காட்டினால் தடுமாறிப் போவாள்.

டெய்சி டீச்சர் போய்விட்டால் என்ன செய்வது என்று இப்போதே யோசி. நானும் அத்தானும் பேசிவிட்டோம். ஏழாம் மாதமே இங்கே வந்துவிடு. அம்மா இல்லாத வீட்டில் நான்தானே உனக்குப் பிரசவம் பார்க்கவேண்டும்? நேத்ராவையும் கூட்டி வா. காலையில் என்னோடு ஸ்கூலுக்கு வருவாள், மாலையில் என்னோடு திரும்புவாள். இரண்டு அறை வீடுதான், நெருக்கிக்கொள்ளலாம். வருகிறேன் என்று ஒரு கார்டு போட்டால் போதும், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விமலா


பெரம்பூர்
10.12.2000

ஷைலு,

நவம்பரில் ஒரு கடிதம் போட்டேன், அதற்கும் பதில் இல்லை. வருகிறாயா இல்லையா? வரவில்லை என்றாலும் வருத்தமில்லை. உன் கையெழுத்தில் இரண்டு வரி பார்த்தால் போதும். நேத்ராவுக்குப் புது அட்டைகள் வரைந்து வைத்திருக்கிறேன்.

விமலா


கே.ஜி.எஃப்.
28.1.2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். பொங்கலுக்கு முதல் நாள் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டான். எடை குறைவு, ஆனால் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வினய் என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் தேறி வருகிறேன். நேத்ரா நன்றாக இருக்கிறாள். மாமனாரும் இவரும் சௌக்கியம். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஒரு சந்தேகம். டெய்சி டீச்சரின் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். நன்றாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது எந்த அட்டையைக் காட்டினாலும் வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுகிறானாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன செய்யவேண்டும்? டீச்சர் கேட்கச் சொன்னார்.

ஷைலஜா


பெரம்பூர்
8.2.2001

அன்புள்ள ஷைலு,

வினய்க்கு எங்கள் ஆசீர்வாதம். சட்டையும் கம்பளித் தொப்பியும் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ மூன்று மாதம் கனமான எதையும் தூக்காதே.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூத்துக்குப் போய் ஐடா வீட்டு நம்பருக்கு போன் போட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் காட்டப் போயிருந்தாய். நேத்ராவை ஒரு நிமிஷம் கூப்பிடுங்கள், மூச்சுச் சத்தமாவது கேட்கிறேன் என்றேன். ஐடா தயங்கித் தயங்கி, "அந்தப் பொண்ணு இங்க இல்லியேங்க. நவம்பர்லயே ஹோமுக்குக் கூட்டினு போயிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். டெய்சி டீச்சரைப் பற்றிக் கேட்டேன். "அவங்க ஓசூர் போயி எத்தினி நாளாச்சு, கிளாஸே மூடிட்டாங்க" என்றார்.

வகுப்பே இல்லாதபோது அந்தப் பையன் யார் ஷைலு?

நான் உன்னைத் திட்ட எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும், அதற்கு எனக்கு விஷயம் தெரியவேண்டும். படத்தை விரும்பிப் பார்த்த பிள்ளை சும்மா கவிழ்த்து வைக்காது. கடைசியாக அவளுக்கு எந்தப் படத்தைக் காட்டினீர்கள்? யார் காட்டியது? அதை மட்டும் மறைக்காமல் எழுது.

அக்கா


கே.ஜி.எஃப்.
4.3.2001

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டையும் தொப்பியும் வந்தன. தொப்பி வினய்க்குக் கண்வரை இறங்குகிறது, வளர்ந்தால் சரியாகிவிடும். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, பால் இருக்கிறது. மைன்ஸை மூடிவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்திருப்பாய். ஊரே கூட்டம் கூட்டமாக நின்று அதைத்தான் பேசுகிறது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

படத்தைக் காட்டியது நான்தான்.

டெய்சி டீச்சர் நவம்பர் முதல் வாரம் கிளம்பிவிட்டார். நீ சொன்னபடியே வகுப்புப் படத்தை எடுத்துவிட்டு மாற்றம் அட்டையை வைத்தேன். முதல் நாள் அழுது ஓய்ந்தாள். இரண்டாம் நாளும் மாற்றம். மூன்றாம் நாளும் மாற்றம். தினமும் மாற்றம் என்றால் அது என்ன மாற்றம்? பை, செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கதவை உதைத்தாள். நான் குனிந்து தூக்கப்போனேன். வயிற்றில் உதைத்துவிட்டாள். வேண்டுமென்று இல்லை. அன்று சாயங்காலம் எனக்கு ரத்தம் பட்டது. அசையாமல் படுத்திருக்காவிட்டால் குழந்தை தங்காது என்று டாக்டரம்மா சொன்னார்.

உன் அக்டோபர் கடிதம் என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. எழுந்து பாத்ரூமுக்கே போகக்கூடாது என்கிறவள் ரயிலேறி மெட்ராஸ் வருவது எப்படி? நேத்ராவை மட்டுமாவது அக்காவிடம் அனுப்பலாம் என்று மாமனாரிடம் சொன்னேன். "சம்பந்தி ஊட்டுல நம்ம பொண்ணை விட்டுட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஹோமுன்னா அது அவங்க தொழிலு" என்றார். நான் இன்னொரு தடவை கேட்டிருக்கவேண்டும். உனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் நீயே வந்து நின்றிருப்பாய். அதுவும் எனக்குத் தெரியும். இவர் வாயைத் திறந்து, "பிரசவம் முடியுற வரைக்கும்தானே ஷைலா" என்றார். சரி என்றேன். என் கையை யாரும் முறுக்கவில்லை.

போகிற அன்று மாமனார் ஒரு கார் பேசியிருந்தார். கார் படம் எங்களிடம் கிடையாது. அவள் ஏறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பக்கத்து லைன் வீடுகளிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட மாமனார் கிளம்பினார். கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போடத்தான். நான் கட்டிலில் படுத்தபடி, "வேணாம் மாமா, காரை அனுப்பிடுங்க, பஸ்ஸில் போகட்டும், நான் பார்த்துக்கிறேன்" என்றேன். பட்டையை எடுத்து வரச் சொன்னேன். பஸ் ஒட்டினேன். தோசை ஒட்டினேன், பெங்களூர் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுப்பார்கள் என்று. மறுபடி பஸ். அதற்கப்புறம் என்ன ஒட்டுவது? ஹோமுக்குப் படம் இல்லை. பட்டை காலியாக இருந்தால் அவள் கிளம்பமாட்டாள்.

வீட்டை ஒட்டினேன். நான் வாசலில் நிற்கிற படம்.

அவள் கம்பியை விட்டாள். வரிசையாக விரல் வைத்துப் பார்த்தாள். கடைசிப் படத்தைத் தொட்டாள். தானாகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர்கூட முழுசாகக் காயவில்லை. மாமனார் அசந்துபோய், "பரவால்லையே, இந்தப் பொம்மைக்கு இவ்ளோ சக்தி கீதா?" என்றார். உன் அட்டைகளை அவர் மெச்சியது அன்றுதான்.

மற்றதை இவர் சொல்லித்தான் தெரியும். வினய் பிறந்த பிறகுதான் சொன்னார். ஹோம் கேட்டில் இறங்கியதும் அவள் இரண்டாவது பஸ் படத்தைப் பிய்த்துப் பையில் போட்டாளாம். வீட்டுப் படத்தைத் தூக்கி இவருக்குக் காட்டினாளாம். இவர் உள்ளே கையைக் காட்டியிருக்கிறார். அவள் போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து மறுபடி காட்டினாளாம். அங்கே இருந்த வார்டனுக்கு, சமையல்காரிக்கு, தோட்டத்தில் நின்றவருக்கு, எல்லோருக்கும் காட்டினாளாம். சாப்பிட உட்காரவைத்ததும் இவரும் மாமனாரும் பின்பக்கமாக வந்துவிட்டார்கள். வார்டனம்மா இவரிடம், "இவ்வளவு அமைதியா வந்த குழந்தையை நான் பார்த்ததில்லை" என்று கன்னடத்தில் சொன்னாராம்.

டிசம்பரில் இவர் போனபோது அவள் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றவிடுவதில்லை, தூங்கும்போதும் காலில் இருக்கிறது, கழற்றினால் கடிக்கிறாள் என்றார்கள். ஜனவரியில் போனபோது கேட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். செருப்பு எங்கேயோ கிடந்தது. அங்கே நல்ல மனசுள்ள ஒரு டீச்சர் இருக்கிறாள், அவளாக எதையெதையோ வரைந்து காட்டியிருக்கிறாள். நேத்ரா வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். தண்ணீர் படத்தைக்கூட. அதைக் கேட்டுவிட்டு வந்துதான் உனக்கு அந்தப் பையன் கதையை எழுதினேன்.

உன் கடிதத்தை இவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தார். அப்புறம், "கூட்டினு வந்துடலாம்" என்றார். மாமனாரிடம் தானே போய்ச் சொன்னார். அவரும், "கூட்டினு வாங்க, நானா வேணாங்கறேன்? அவளும் என் பேத்திதானே" என்றார். இவ்வளவு எளிதாக முடியும் என்று தெரிந்திருந்தால் நவம்பரிலேயே வாய் திறந்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வினயையும் தூக்கிக்கொண்டு போனோம். பட்டையைப் புதிதாகச் செய்திருந்தேன். பஸ், மறுபடி பஸ், வீடு. மூன்றே படம். மூன்றும் நிஜம்.

கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், காதுக்கு மேல் ஒரு இடத்தில் அவளே பிடுங்கியதில் சொட்டை. மேலும் பிடுங்காமலிருக்கக் கைவிரல்களைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நான் கூப்பிட்டேன். திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பட்டை இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். கட்டிலுக்கு அடியில் போய் இரும்புக் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். தரையில் படுத்து, "வீட்டுக்குப் போலாம்டா கண்ணு, நிஜமா வீட்டுக்கு" என்றேன். நாம் பேசுவது அவளுக்குக் காற்று மாதிரி என்று நீதானே எழுதினாய். படத்தைக் காட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இவர் தோளைப் பிடித்து இழுத்தார். மணிக்கட்டில் கடித்துவிட்டாள், ஆழமாக. இவர் கையை உதறக்கூட இல்லை. இன்னொரு ஆயாவைக் கூப்பிடட்டுமா, நாலு பேர் சேர்ந்தால் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று வார்டனம்மா கேட்டார். அதற்குத்தானே நவம்பரில் நான் அந்தப் படத்தை ஒட்டினேன், யாரும் அவளைத் தூக்கிப் போடக்கூடாது என்று. வேண்டாம் என்றேன். வினய் பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தான். அவளை விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

மாமனாரிடம் நடந்ததைச் சொன்னோம். "அப்போ அவளுக்கு அங்கதான் பழகிப்போச்சு. புடிச்ச எடத்துல இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். இவர் மறுபடியும் தட்டில் கோடு போட ஆரம்பித்திருக்கிறார். இன்னும் இரண்டு தடவை போய் இப்படியே திரும்பி வந்தால் இந்த வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிடுவார்கள். நானும் நம்பிவிடுவேனோ என்று இருக்கிறது.

நீ திட்ட நினைப்பதை எல்லாம் அப்புறம் திட்டிக்கொள். உங்கள் ஸ்கூலில் அந்த ஊஞ்சல் பையனை ஒரு வருஷத்தில் எப்படித் திருப்பினீர்கள், முதல் நாள் அவன் எதிரில் என்ன செய்தீர்கள், அதை எழுது. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன். இவர் வராவிட்டாலும் போவேன். கையில் எதை எடுத்துப்போவது, எதை எடுத்துப்போகக் கூடாது என்று தெரியவில்லை. அதற்குள் உன் கடிதம் எனக்கு வேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

ஷைலஜா